கணக்கு யாருக்காக?

நிகழ்தகவு தெரிய வேண்டும். புள்ளியியல் தெரிய வேண்டும். கம்ப்யூட்டருக்கு நிரல் எழுத வேண்டும். கணிதத்திலோ பௌதிகத்திலோ டாக்டர் பட்டம் இருந்தால் இன்னும் நல்லது என்கிறார்கள். எதற்கு? அணை கட்டவா? நோய்க்கு மருந்து காணவா? இல்லை, பங்குச் சந்தையில் விலை ஏறுமா இறங்குமா என்று கணித்து, கண் இமைப்பதற்குள் வாங்கி விற்பதற்கு!

இந்த வேலைக்குக் 'குவாண்ட்' என்று பெயர். இதற்குப் போகும் இளைஞர்களை நாம் குறை கூறவில்லை. பாடுபட்டுப் பெற்ற அறிவு அவர்களுடையது. அதை விலைக்கு வாங்குபவன் யார், எதற்கு வாங்குகிறான் என்பதே கேள்வி.

1997ல் நோபல் பரிசு பெற்ற நிபுணர்கள் இருவர் பங்காளிகளாயிருந்த அமெரிக்க நிதி நிறுவனம் லாங் டெர்ம் கேபிடல் மேனேஜ்மென்ட். மறு ஆண்டே அது கவிழ்ந்தது. நியூயார்க் மத்திய வங்கி அழைத்துப் பேச, பெரும் வங்கிகள் சுமார் 360 கோடி டாலர் போட்டுத் தாங்கின. ஆலை மூடப்பட்டால் தொழிலாளியைத் தாங்க எந்த வங்கி ஓடி வருகிறது?

நம் நாட்டில் நடப்பதென்ன? 2024ல் செபி வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் பங்குச் சந்தை முன்பேர வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 100க்கு 93 பேர் நஷ்டமடைந்தனர். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல்! மறுபுறம், 2023-24ல் பெருநிறுவனங்கள் குவித்த லாபத்தில் மிகப் பெரும்பகுதி கம்ப்யூட்டர் நிரல்கள் வழியே வந்தது. செல்போனை வைத்துக்கொண்டு அந்த யந்திரத்தோடு மோதும் ஏழை என்ன ஆவான்?

தோழர்களே! கூலிப் பணத்தை இச்சூதில் விடாதீர்கள். பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பியுங்கள். அரசுப் பள்ளிதோறும் கணித ஆசிரியரும் கம்ப்யூட்டரும் வேண்டும், கற்ற அறிவுக்குப் பொதுத்துறையில் வேலை வேண்டும் என்று சங்கங்கள் தோறும் குரல் எழுப்புங்கள்!