மூளைக்குள் ஓர் அளவுகோல்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. இயற்பியல் மாணவர் ஒருவர்)

"அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" என்பது நாம் அனைவரும் அறிந்த பழமொழி. ஆனால் அந்த அளவு எது என்று பழமொழி சொல்வதில்லை. அதைக் கண்டு சொல்வது அறிவியலின் வேலை. மனநோய்க்குத் தரும் மருந்தில் அந்த அளவை அறிவியல் எவ்வாறு கண்டது, அதனால் யாருக்குப் பயன் என்பது பற்றி என் கருத்தை இங்கே கூற விரும்புகிறேன்.

இதை எழுதத் தூண்டியது ஒரு விவாதம். அணுக்கரு இயற்பியல் வகுப்பில் எங்கள் பேராசிரியர் 'பெட்' எனப்படும் பாசிட்ரான் படக்கருவியைப் பற்றி ஐந்து நிமிடம் கூறினார். மணியடித்து வெளியே வந்ததும் நண்பன் ஒருவன், "கோடிக்கணக்கில் விலையாம், கூடவே சைக்ளோட்ரானும் வேண்டுமாம். காய்ச்சல் மாத்திரைக்கே வரிசையில் நிற்கும் நமக்கும் அதற்கும் என்னடா சம்பந்தம்?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று பதிலும் சொல்லவில்லை. இக்கட்டுரைதான் என் பதில்.

எங்கள் குடும்பம் கைத்தறி நெசவுக் குடும்பம். கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் பெரியப்பா ஊரில் பேர் பெற்ற தறிக்காரர். நான் ஏழாம் வகுப்புப் படிக்கும்போது, யாரோ தம்மைத் திட்டுவதாகவும், சுவருக்கு அப்பால் தம்மைக் கொல்லச் சதி நடப்பதாகவும் அவர் சொல்லத் தொடங்கினார். கயிறு மந்திரித்துக் கட்டினோம்; கோயில் கோயிலாக அலைந்தோம். ஓராண்டு கழித்துத்தான் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். மனச்சிதைவு நோய் என்றார்கள். ஹாலோபெரிடால் என்னும் மாத்திரை கொடுத்தார்கள்.

குரல்கள் அடங்கின. ஆனால் சில வாரங்களில் பெரியப்பாவின் கைகள் இறுகிப்போயின. முகத்தில் அசைவில்லை. தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்தால் நாடாவை இழுத்துவிடக் கை வரவில்லை. "பிள்ளையை மரக்கட்டை ஆக்கிவிட்டார்கள், மாத்திரையை நிறுத்துங்கள்" என்று அழுதார் அப்பாயி. என் அப்பாவோ, "நோய் முற்றிலும் போகவில்லை, அதனால்தான் இப்படி இருக்கிறார்" என்று எண்ணி, தூக்கம் வராத இரவுகளில் ஒன்றுக்கு இரண்டாக மாத்திரை கொடுத்தார். இருவரும் அன்பினால்தான் செய்தார்கள். இருவருமே இருட்டில் கையை விட்டுத் துழாவினார்கள்.

கடைசியில் ஒரு மருத்துவரிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னோம். அவர் அளவைக் குறைத்தார். "இம்மருந்துக்கு ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் நோய் அதிகமாகக் குறையாது, கைதான் இறுகும்" என்றார். அந்த எல்லை அவருக்கு எப்படித் தெரிந்தது? பல ஆண்டுகள் கழித்து, நம் கல்லூரி நூலகத்தில்தான் எனக்கு விடை கிடைத்தது.

பாசிட்ரான் என்பது எலக்ட்ரானின் எதிர்த்துகள். 1932-இல் கார்ல் ஆண்டர்சன் அதைக் கண்டுபிடித்தபோது, அது மருத்துவமனைக்கு வந்து சேரும் என்று யாரும் கருதியிருக்க முடியாது. கார்பன்-11 போன்ற சில கதிரியக்க அணுக்கள் சிதையும்போது பாசிட்ரானை வெளிவிடும். அது அருகிலுள்ள எலக்ட்ரானைச் சந்தித்ததும் இரண்டும் மறைந்து, 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள இரண்டு காமாக் கதிர்கள் எதிரெதிர்த் திசைகளில் பாயும். தலையைச் சுற்றி வளையமாக வைத்த உணர்கருவிகளில் இரு புறமும் ஒரே கணத்தில் பதிவு விழுந்தால், அவ்விரண்டையும் இணைக்கும் கோட்டின்மேல்தான் அந்த அணு இருந்தது என்று பொருள். இப்படி இலட்சக்கணக்கான கோடுகளைச் சேர்த்துக் கணிப்பொறி படத்தை உருவாக்குகிறது. கார்பன்-11-இன் அரை ஆயுள் ஏறத்தாழ 20 நிமிடம். ஆகவேதான் சைக்ளோட்ரான் அருகிலேயே வேண்டும் என்கிறார்கள். நாம் தேர்வுக்காகக் கணக்குப் போடும் அதே அரை ஆயுள்தான், ஆய்வாளர்களை மருந்துக் குப்பியுடன் ஓட வைக்கிறது!

எக்ஸ் கதிர்ப் படம் எலும்பின் உருவத்தைக் காட்டும். பெட் படமோ உயிருள்ள மூளை செய்துகொண்டிருக்கும் வேலையைக் காட்டும். நம் உடல் எடையில் மூளை ஏறத்தாழ 2 விழுக்காடு. ஆனால் ஓய்விலிருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை அது எடுத்துக்கொள்கிறது. கதிரியக்க ஃபுளோரின் சேர்த்த குளுக்கோஸைச் செலுத்தி, மூளையின் எப்பகுதி எவ்வளவு உண்கிறது என்று பார்க்கும் முறை 1976-இல் அமெரிக்காவில் முதன்முதலாக மனிதரிடம் செய்யப்பட்டது. 1983-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஹென்றி வாக்னர், தம் மூளையையே ஆய்வுக்குக் கொடுத்து, டோபமின் என்னும் வேதிப்பொருள் வந்து அமரும் ஏற்பிகளைப் படம் பிடித்தார்.

என் பெரியப்பாவின் கதை இனிமேல்தான் தொடங்குகிறது. ஹாலோபெரிடால் போன்ற மருந்துகள் மூளையிலுள்ள டி2 என்னும் டோபமின் ஏற்பிகளில் போய் அமர்ந்துகொண்டு, டோபமினை அங்கே அமரவிடாமல் தடுக்கின்றன. எத்தனை இடங்களைப் பிடிக்கின்றன என்பதுதான் கேள்வி. ஊர்த் திருவிழா அன்று பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். துண்டுகளை நம்மால் எண்ண முடியாவிட்டாலும், பின்னால் ஏறியவர்களில் எத்தனை பேருக்கு உட்கார இடம் கிடைத்தது என்று பார்த்தால் போதும். துண்டு விழுந்த இடங்கள் எத்தனை என்று தெரிந்துவிடும். சுவீடன் நாட்டில், ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் லார்ஸ் ஃபார்டேயும் அவருடைய குழுவினரும் செய்தது ஏறக்குறைய இதுவே. கார்பன்-11 இணைத்த ராக்லோபிரைடு என்னும் பொருளை மிகச் சிறிய அளவில் நோயாளிகளுக்குச் செலுத்தினார்கள். மருந்து உண்ணாதவர் மூளையில் அது நிறைய இடங்களில் அமர்ந்து பளிச்சென்று தெரிந்தது. மருந்து உண்டவர் மூளையில் மங்கலாகத் தெரிந்தது. இந்த வேறுபாட்டிலிருந்து, வழக்கமான அளவில் தரப்படும் மருந்துகள் 65 முதல் 85 விழுக்காடு டி2 ஏற்பிகளைப் பிடித்துக்கொள்கின்றன என்று 1988-இல் அறிவித்தார்கள்.

2000-ஆம் ஆண்டில் கனடாவின் டொரண்டோ நகரில் சிதிஜ் கபூர் குழுவினர் இன்னும் ஒரு படி மேலே சென்றார்கள். முதன்முறையாக நோய்வாய்ப்பட்ட 22 பேருக்கு ஹாலோபெரிடாலை நாளொன்றுக்கு 1 மில்லிகிராம் அல்லது 2.5 மில்லிகிராம் கொடுத்துப் படம் எடுத்தார்கள். ஏற்பிகளில் 65 விழுக்காட்டுக்கு மேல் பிடிபட்டபோது குணம் தெரிவதற்கான வாய்ப்பு கூடியது. 78 விழுக்காட்டைத் தாண்டியபோது கை கால் இறுக்கம் போன்ற தொல்லைகளுக்கான வாய்ப்பு கூடியது. முன்பெல்லாம் இதே மருந்தை 20 மில்லிகிராம், அதற்கு மேலும் கொடுத்த காலம் உண்டு. எல்லா இடங்களும் நிறைந்த பேருந்தில் இன்னும் நூறு துண்டு போட்டால் என்ன பயன்?

65-க்கும் 78-க்கும் இடையே உள்ள அந்தக் குறுகிய வரப்பில்தான் என் பெரியப்பாவின் வாழ்வு நடந்துகொண்டிருந்தது. அப்பாயி அவரை ஒரு பக்கம் இழுத்தார். அப்பா மறுபக்கம் தள்ளினார். வரப்பு இருப்பதே எங்களுக்குத் தெரியாது.

இக்கருவியை நான் கண்மூடிப் புகழவில்லை. படத்தில் தெரியும் சிவப்பும் மஞ்சளும் கணிப்பொறி பூசிய வண்ணங்களே. அதில் எண்ணமோ கனவோ தெரியாது. மனச்சிதைவு நோய் உண்டா இல்லையா என்று மருத்துவர் முடிவு செய்வதும் இப்படத்தைப் பார்த்தல்ல. நோயாளியிடமும் வீட்டாரிடமும் பேசித்தான். க்ளோசபின் என்னும் மருந்து, பல வேளைகளில் இந்த 65 விழுக்காட்டை எட்டாமலே நன்கு வேலை செய்வதும் இதே கருவியில்தான் தெரிந்தது. ஆக, டி2 ஏற்பி ஒன்றே முழுக் கதையாகாது. சிறிதளவாயினும் கதிரியக்கத்தை உடலில் ஏற்க வேண்டும் என்பதையும் மறப்பதற்கில்லை.

இனி என் நண்பனின் கேள்விக்கு வருகிறேன். இந்தியாவில் இக்கருவி 2002-இல் மும்பையில் முதன்முதலாகச் செயல்படத் தொடங்கியது. இன்று நம் மாநிலத்திலும் உண்டு; பெரும்பாலும் புற்றுநோய்க்கே பயன்படுகிறது. என் பெரியப்பா அந்த வளையத்துக்குள் தலை வைத்ததில்லை. வைக்க வேண்டிய தேவையும் இல்லை. எங்கோ ஸ்டாக்ஹோமிலும் டொரண்டோவிலும் சில நோயாளிகள் படுத்துக் கொடுத்த கணக்கு, சில ரூபாய் மாத்திரையின் அளவாக மாறி எங்கள் ஊர்த் தறிக்குழிவரை வந்துவிட்டது. கருவியின் விலை கோடியாக இருக்கலாம். அதன் வழியே கிடைத்த அறிவுக்கு நாங்கள் ஒரு காசும் கொடுக்கவில்லை. விலையைப் பார்த்து "நமக்கெதற்கு?" என்று கேட்பவன், அறிவில் தனக்குள்ள பங்கைத் தானே எழுதிக் கொடுத்துவிடுகிறான் என்பேன்.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். மாணவ நண்பர்களே! உங்கள் வீட்டிலோ தெருவிலோ இந்நோய்க்கு மருந்து உண்பவர் இருந்தால், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நீங்களாகக் கூட்டவும் செய்யாதீர்கள். கை இறுகுகிறது, கால் நிலைகொள்ளவில்லை என்றால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அது நோயாளியின் சோம்பலன்று. அளவு பற்றிய செய்தி.

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒன்று. இயற்பியல் வகுப்பில் பாசிட்ரான், வேதியியல் வகுப்பில் ஐசோடோப்பு, விலங்கியல் வகுப்பில் மூளை என மூன்றும் மூன்று கட்டடங்களில் நடக்கின்றன. ஆண்டுக்கு ஒரு பிற்பகல் மூன்று துறைகளும் ஒரே அரங்கில் அமர்ந்து, ஒரு மருத்துவரையும் அழைத்துப் பேச வேண்டும். அன்று ஐந்து நிமிடம் கேட்டதே என்னை நூலகத்துக்கு அனுப்பியது.

இதை எழுதலாமா என்று பெரியப்பாவிடம் கேட்டேன். "எழுது, யாருக்காவது உதவட்டும்" என்றார். முன்போல் வேகம் இல்லை. ஒரு சேலைக்கு முன்பு எடுத்ததைவிட அதிக நாள் எடுக்கிறது. ஆனால் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, தெருமுனையிலேயே அவர் தறியின் ஓசை எனக்குக் கேட்கிறது.