கிராம சபைத் தீர்மானம் செல்லாக் காசா?

காஞ்சிபுரத்தில் ஒரு தேநீர்க் கடை. பக்கத்து மேசையில் இரண்டு வியாபாரிகள், நம் சகோதரர்கள்தாம், பேசிக் கொண்டிருந்தார்கள். "பரந்தூர்ல ஏர்போர்ட் வந்துட்டா நம்ம ஊரு எங்கேயோ போயிடும் பாய். இப்பவே ரெண்டு கிரவுண்டு வாங்கிப் போட்டுடணும்" என்றார் ஒருவர். "அந்த ஊர்க்காரங்க ஒத்துக்க மாட்டேங்கிறாங்களே?" என்றார் மற்றவர். "அவங்க ஒத்துக்கிட்டா என்ன, ஒத்துக்காட்டி என்ன? கவர்ன்மெண்ட் முடிவு பண்ணிட்டா முடிஞ்சு போச்சு." பிறகு என் பக்கம் திரும்பி, "என்ன ஹஜ்ரத், நான் சொல்றது சரிதானே?" என்று கேட்டார்.

அங்கே நின்று கொண்டு பதில் சொல்ல முடியவில்லை. இங்கே சொல்கிறேன்.

2022 ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில், சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்குப் பரந்தூர் தேர்வாகியிருப்பதாக அறிவிப்பு வந்தது. அதே மாதம் 15ஆம் தேதி, நாடே சுதந்திர தினம் கொண்டாடிக் கொண்டிருந்தபோது, ஏகனாபுரம் கிராம சபை கூடி "எங்கள் நிலத்தைத் தர மாட்டோம்" என்று தீர்மானம் போட்டது. அதன் பிறகு கூடிய கிராம சபைகளிலும் அதே தீர்மானம் திரும்பத் திரும்ப நிறைவேறியது. 2024 நாடாளுமன்றத் தேர்தலை அந்த ஊர் புறக்கணித்தது. இருந்தும் 20 கிராமங்களில் 5,746 ஏக்கர் எடுப்பது என்ற திட்டம் அசையவில்லை. அதில் 3,774 ஏக்கர் தனியார் பட்டா நிலம். 1,972 ஏக்கர் அரசு நிலம்.

நம் மஹல்லாவில் என்ன நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பள்ளிவாசல் சொத்தில் ஒரே ஒரு கடையை முத்தவல்லி ஜமாஅத்தைக் கேட்காமல் வாடகைக்கு விட்டுவிட்டால் ஜும்ஆ முடிந்ததும் எத்தனை குரல் எழும்புகிறது! கணக்கு நோட்டைக் கொண்டு வா, மஷூரா செய்தாயா, யாரைக் கேட்டாய் என்று எத்தனை கேள்விகள்! ஒரு கடைக்கு இத்தனை கேள்வி கேட்கும் நாம், ஓர் ஊரையே எடுக்கும்போது அந்த ஊரைக் கேட்டாயா என்று கேட்க மறந்து விடுகிறோமே, ஏன்?

"சட்டப்படிதானே எடுக்கிறார்கள்?" என்பீர்கள். ஆம், சட்டப்படிதான். எந்தச் சட்டம் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

2013இல் நாடாளுமன்றம் நிலம் எடுப்புச் சட்டம் ஒன்றை இயற்றியது. நிலத்தை எடுக்கும் முன் சமூகப் பாதிப்பை ஆய்வு செய்ய வேண்டும். அந்த ஆய்வை ஊராட்சியைக் கலந்து செய்ய வேண்டும். பொதுமக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். அரசும் தனியாரும் கூட்டாகச் செய்யும் திட்டமென்றால் 70 சதவீதக் குடும்பங்களின் சம்மதம் வேண்டும். வெள்ளைக்காரனின் 1894 சட்டத்தில் இல்லாத நீதி இது. ஆனால் பரந்தூரில் நிலம் எடுக்கப் பயன்படுவது இந்தச் சட்டமல்ல. தமிழகத்தின் 1997ஆம் ஆண்டுத் தொழில் நோக்கங்களுக்கான நிலம் எடுப்புச் சட்டம்! இதில் நில உரிமையாளர் ஆட்சேபணை கொடுக்கலாம். கிராம சபையைக் கேட்க வேண்டிய கட்டாயம் கிடையாது.

இந்தச் சட்டம் செல்லாது என்று 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டில் அ.தி.மு.க. அரசு புதிதாக ஒரு சட்டம் கொண்டு வந்து அதற்கு உயிர் கொடுத்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக் கொண்டது. தி.மு.க. ஆட்சியில் பிறந்து, அ.தி.மு.க. ஆட்சியில் காப்பாற்றப்பட்டு, மீண்டும் தி.மு.க. ஆட்சியில் பரந்தூருக்குப் பயன்படுத்தப்பட்ட சட்டம் இது. விமான நிலையத்துக்கு அனுமதி தந்ததோ மத்திய பா.ஜ.க. அரசு. மேடையில் ஒருவரை ஒருவர் ஏசிக் கொள்பவர்கள், நிலம் என்று வந்தால் எப்படி ஒன்றாகி விடுகிறார்கள் பாருங்கள்!

சென்னைக்கு இன்னொரு விமான நிலையம் தேவையில்லை என்று நான் வாதாட வரவில்லை. ஆண்டுக்கு இரண்டு கோடிப் பேருக்கு மேல் வந்து போகும் மீனம்பாக்கத்தின் நெரிசலைச் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் சரக்குப் போட்டு வரும் நம் வியாபாரிகள் நன்றாக அறிவார்கள். என் கேள்வி வேறு. லண்டன் ஹீத்ரோ விமான நிலையம் ஏறக்குறைய 3,000 ஏக்கரில் இருக்கிறது. ஓடுபாதைகள் இரண்டுதான். 2024இல் அங்கே சுமார் 8 கோடியே 39 லட்சம் பயணிகள் வந்து போனார்கள். பரந்தூரிலும் ஓடுபாதைகள் இரண்டு. முழுமை பெறும்போது 10 கோடிப் பயணிகள் என்பது திட்டம். ஹீத்ரோ இடநெருக்கடியில் இயங்குகிறது என்பது உண்மைதான். அதற்காக இங்கே ஏறத்தாழ இரண்டு மடங்கு நிலம் எதற்கு?

பதில் ஹைதராபாத்தில் இருக்கிறது. ஷம்ஷாபாத் விமான நிலையத்துக்கென்று கொடுக்கப்பட்ட சுமார் 5,500 ஏக்கரில் 1,500 ஏக்கரளவு, ஓட்டல், அலுவலகம், வணிக வளாகம், கிடங்கு என்று 'ஏரோசிட்டி'யாக உருவாகிறது. டெல்லியிலும் இதே கதைதான். விமானம் இறங்க நிலம் கேட்பது ஒன்று. ஓட்டல் கட்டுகிறவனுக்கும் சேர்த்து உழவனிடம் நிலம் கேட்பது இன்னொன்று. பரந்தூரில் எத்தனை ஏக்கர் ஓடுபாதைக்கு, எத்தனை ஏக்கர் வணிகத்துக்கு? இதைத் துருவிக் கேட்க வேண்டிய இடம் கிராம சபைதான். அதன் வாயைத்தான் கட்டி வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இழப்பீடு பட்டாவைப் பார்த்து எழுதப்படுகிறது. நாற்று நடும் பெண்ணிடம் பட்டா இல்லை. ஆடு மேய்ப்பவரிடம் இல்லை. வாய்மொழிக் குத்தகைக்குப் பயிரிடுபவரிடம் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. இவர்கள் எழுந்து நின்று பேசவும், பேசியது பதிவேட்டில் ஏறவும் இந்த நாட்டில் ஓர் இடம் இருக்கிறதென்றால், அது 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் தந்த கிராம சபை மட்டும்தான்.

ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் வெட்டும் திட்டத்தை 2013இல் 12 கிராம சபைகள் வேண்டாமென்றன. 12 சபைகளும் ஒரே குரலில்! திட்டம் நின்றது. வன உரிமைச் சட்டத்தின் கீழ் அந்தச் சபைகளைக் கேட்டே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்ததுதான் காரணம். மலைவாசிக்கு உள்ள அந்தப் பாதுகாப்பு ஏகனாபுரத்து விவசாயிக்கு இல்லை. அதைக் கேட்டு வாங்க வேண்டியதுதான் இன்றைய கோரிக்கை: 2013 சட்டத்தின் சமூகப் பாதிப்பு ஆய்வையும் சம்மதத்தையும் தமிழகச் சட்டத்திலும் சேர்க்க வேண்டும்.

மனை வாங்க நினைக்கும் அந்த நண்பருக்கு ஒரு வார்த்தை. அந்தப் பகுதி வழியாகக் கம்பன் கால்வாய் ஓடுகிறது; ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்கு அது நீர் கொண்டு செல்கிறது. ஏரிகளையும் வாய்க்கால்களையும் மூடினால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? 2015 டிசம்பரில் அடையாற்றுக் கரையில் கடை வைத்திருந்தவர்களைக் கேளுங்கள். சரக்கு எந்த உயரம் வரை நனைந்தது என்று சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள்.

இளைஞர்களே! ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது. கிராமத்தில் இருப்பவர்கள் போய் உட்காருங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். தீர்மானத்தை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், நகல் கேளுங்கள். நகரத்தில் இருப்பவர்கள், 51 வார்டுகள் கொண்ட நம் காஞ்சி மாநகராட்சியில் உங்கள் வார்டின் பகுதி சபை கடைசியாக எப்போது கூடியது என்று கவுன்சிலரைக் கேளுங்கள். நாளை சாலை விரிவாக்கம் என்றோ புதிய வணிக வளாகம் என்றோ உங்கள் கடைக்கு முன்னால் அளவு நாடா பிடிக்க ஆள் வரும்போது, "இவங்க ஒத்துக்கிட்டா என்ன, ஒத்துக்காட்டி என்ன?" என்று வேறொரு தேநீர்க் கடையில் வேறு யாராவது பேசிக் கொண்டிருப்பார்கள்.