உப்புத்தாளும் கௌரவமும்

காருக்கு வர்ணம் பூசுவதைக் கலை என்று ஒப்புக்கொள்ளுகிறவர்கள்கூட, அதற்கு முன்னால் உப்புத்தாள் கொண்டு தேய்ப்பதை வெறும் கூலி வேலை என்றுதான் நினைக்கிறார்கள். அந்த நினைப்பு தப்பு என்பது என் கட்சி. தப்பு மட்டுமல்ல, பாவம் என்றும் சொல்லுவேன்.

என்னுடைய பழைய அம்பாசடரை வீட்டு வாசலில் நிறுத்தி, பத்து நாள் நானே தேய்த்தேன். திருப்பூரில் எங்கள் வீதிக்கு அந்தப் பத்து நாளும் அதுவே பேச்சு. பனியன் கம்பெனி வைத்திருக்கும் அண்டை வீட்டுக்காரர் கேட்டே விட்டார்: "ஏனுங்க, பட்டறையில ரெண்டு பசங்ககிட்ட விட்டா ஒரே நாள்ல தேச்சுத் தள்ளிருவாங்க. உங்களுக்கு எதுக்குங்க இந்தப் பாடு?"

கேள்விக்குள் இரண்டு எண்ணங்கள் இருக்கின்றன. ஒரே நாளில் முடியும் என்பது ஒன்று. பையன்கள்தான் செய்ய வேண்டும் என்பது மற்றொன்று.

நான் கேட்கிறேன்: மெஷினிலிருந்து இறங்கிய துணியை அவர் அப்படியே சாயத்தில் போடுவாரா? மாட்டார். பருத்தியில் இயற்கையிலேயே மெழுகு இருக்கிறது. மெஷின் எண்ணெயும் ஒட்டியிருக்கிறது. காஸ்டிக் சோடாவில் கொதிக்க வைத்து அதைப் போக்கினால்தான் சாயம் ஒரே சீராக ஏறும். துணிக்கு உள்ள நியாயம் தகரத்துக்குக் கிடையாதா?

முதலில் சோப்பு நீரில் கழுவி எண்ணெய்ப் பசையை எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பசை கீறல்களுக்குள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். துருவை 80ஆம் நம்பர் தாளால் தகடு பளிச்சென்று தெரியும் வரை சுரண்டி, அன்றைக்கே பிரைமர் பூச வேண்டும். பள்ளத்தில் வைத்த பட்டியைக் கட்டையில் சுற்றிய தாளால் மட்டம் செய்ய வேண்டும். வெறும் விரலால் தேய்த்தால் விரல் தடம் பளபளப்பில் காட்டிக் கொடுத்துவிடும். பட்டி தண்ணீரைக் குடிக்கும்; ஆகையால் அதற்கு உலர்ந்த தேய்ப்பு. பிறகு 220, 320. பிரைமருக்கு மேல் வாட்டர் பேப்பரில் 400, 600. ஒரு படியைத் தாண்டினால் முன்படியின் கீறல் போகாது.

இதை ஒரே நாளில் 'தள்ளினால்' என்ன கிடைக்கும்? துருவின் மேல் பட்டி, பட்டியின் மேல் பளபளப்பு. சில மழைக்காலங்களில் கொப்புளம் கிளம்பும். அதற்குள் வண்டி வேறொருவர் கைக்குப் போயிருக்கும். அரித்துப் போன தகட்டை நம்பி அவர் குடும்பத்தோடு பிரயாணம் செய்வார்.

இரண்டாவது எண்ணம் இன்னும் மோசம். பழைய பெயிண்டில், முக்கியமாக மஞ்சளிலும் சிவப்பிலும், ஈயம் இருக்கக்கூடும். பெயிண்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்று 2016இல் விதி வந்தது. அதுவும் வீட்டுப் பெயிண்டுக்கும் அலங்காரப் பெயிண்டுக்கும்தான். பட்டறைப் பையன் மூக்கில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு நாள் முழுதும் அந்தத் தூளில் நிற்கிறான். மெல்லிய தூளைக் கைக்குட்டை தடுக்காது. 'ஒரே நாள்' என்று நாம் பேரம் பேசி வாங்குவது அவனுடைய நெஞ்சை.

தேய்த்த தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது, சாக்கடை நொய்யலுக்கு. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து வருகிற அந்த ஆற்றில் சாயத்தையும் உப்பையும் விட்டோம். பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் வரை வந்தது விவகாரம். துணி நம்முடையது, லாபம் நம்முடையது, அழுக்கு மட்டும் கீழே இருக்கும் குடியானவருடையது! ஒரு வாளித் தண்ணீரும் சாயப்பட்டறையும் ஒன்றா என்பீர்கள். அளவில் ஒன்றல்ல, மனோபாவத்தில் ஒன்றேதான்.

நான் முகமூடி போட்டேன். கூடிய மட்டும் ஈரத்திலேயே தேய்த்தேன். தண்ணீரை வாளியில் தெளியவிட்டு, வண்டலைத் தனியே கட்டி, வீட்டு அபாயக் குப்பையோடு ஒப்படைத்தேன். வர்ணம் தெளிப்பதை மட்டும் பட்டறைக்கு விட்டேன். ஹார்டனர் கலந்த பெயிண்டில் ஐசோசயனேட் உண்டு. ஆஸ்துமாவை வரவழைக்கும் அந்தப் பொருளுக்குத் தனி அறையும் காற்று செலுத்தும் முகமூடியும் வேண்டும்.

பையன்களின் பிழைப்பைக் கெடுக்கலாமா என்று சிலர் கருணை காட்டுகிறார்கள். பிழைப்பைக் கெடுப்பது நானா, பத்து நாள் வேலைக்கு ஒரு நாள் கூலி கொடுப்பவரா?

இந்த ஊருக்கு இந்தக் கௌரவம் பொருந்தவே பொருந்தாது. திருப்பூரின் முதலாளிகளில் பலர் காட்டு வேலையிலிருந்து வந்து, மெஷினடியில் நின்று, முதலாளியானவர்கள். தங்கள் உழைப்பையே மூலதனமாகச் சொல்லிக்கொண்டவர்கள் அவர்கள் என்று சரத் சாரி 2004இல் வெளிவந்த தம் ஆராய்ச்சி நூலில் எழுதினார். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு உப்புத்தாளைக் கண்டால் ஏன் கூச்சம்?

பட்டறைக்காரர் "தேய்ப்புக்கே பல நாள் ஆகும்" என்றால் பேரம் பேசாதீர்கள். அத்தனை நாள் கூலியும் கொடுங்கள். பையனுக்கு நல்ல முகமூடி வாங்கிக் கொடுங்கள். தண்ணீர் எங்கே போகிறது என்று கேளுங்கள். கேட்க வெட்கமாக இருந்தால், நீங்களே உப்புத்தாளைக் கையில் எடுங்கள்.