மிச்சப் பணத்தில் மண்ணை மூடாதீர்கள்

வீடு கட்டும் வேலையில் கடைசி இரண்டு வாரம் தனிக் காலம். வங்கிக் கடனின் கடைசித் தவணை வந்து செலவாகியிருக்கும். வீட்டிலிருந்த நகை அடகுக்குப் போயிருக்கும். கிரகப்பிரவேசப் பத்திரிகை அடித்துக் கொடுத்தாகிவிட்டது. அப்போதுதான் வீட்டுக்காரர் முதன்முறையாகச் சுற்றுச்சுவருக்குள் நின்று தரையைப் பார்ப்பார். சிதறிக் கிடக்கும் ஜல்லி, இறுகிப்போன சிமென்ட் கட்டி, டைல்ஸ் துண்டு, ஆணி, கிழிந்த சாக்கு. “இதை என்ன சார் பண்றது?” என்று அவர் கேட்டு முடிப்பதற்குள், பக்கத்தில் நிற்கும் மாமாவோ மச்சானோ பதில் சொல்லிவிடுவார்: “பேவர் பிளாக் போட்டுடுங்க. நீட்டா இருக்கும்.”

திருச்சியைச் சுற்றிச் சிறு வீடுகள் கட்டிக் கொடுப்பது என் தொழில். பெரும்பாலும் 1,200 சதுர அடி மனை, அதில் 700, 800 சதுர அடியில் வீடு. கட்டுபவர்கள் மாதச் சம்பளக்காரர்கள், கடை வைத்திருப்பவர்கள், வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகளின் பெற்றோர். இவர்கள் எல்லோரிடமும் நான் மன்றாடிக் கேட்பது ஒன்றுதான். கையில் பணமே இல்லாத அந்த நேரத்தில், மண்ணை மூடுவதற்காக இன்னொரு கடன் வாங்காதீர்கள். அந்தப் பணத்தில் ஒரு சின்னப் பங்கு இருந்தாலே நல்ல தோட்டம் போட்டுவிடலாம். செலவு செய்யும் வரிசை மட்டும் மாற வேண்டும்: முதலில் மண், அடுத்து நிழல், செடிக்குச் செலவு கடைசியில்.

பேவர் பிளாக் போட எங்கள் பக்கம் கல்லும் கூலியும் சேர்ந்து சதுர அடிக்குச் சுமார் 70 ரூபாய் ஆகிறது. தரத்தைப் பொறுத்துக் கூடும், குறையும். 400 சதுர அடிக்கு 28,000 ரூபாய். அதைக் கொடுத்து வாங்குவது என்ன? சித்திரை வெயிலில் பகல் முழுக்கச் சூட்டைக் குடித்து, இரவு பத்து மணி வரை படுக்கையறைச் சுவருக்கு அதைத் திருப்பிக் கொடுக்கும் ஒரு தரை. மழைக்காலக் கணக்கு இன்னும் மோசம். ஐப்பசியில் ஒரே இரவில் 50 மில்லிமீட்டர் மழை பெய்வது இங்கே அதிசயமில்லை. 400 சதுர அடியில் அது ஏறக்குறைய 1,850 லிட்டர். மண்ணாக விட்டிருந்தால் பெரும்பகுதி உள்ளே இறங்கியிருக்கும். கல்லுக்கு அடியில் கிரஷர் தூளைப் போட்டு இறுக்கி, இடுக்கெல்லாம் சிமென்ட் பூசிவிட்டால் அத்தனையும் தெருவுக்கு ஓடி, தாழ்வான வீட்டின் வாசலில் நிற்கும். மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டாயம். ஒரு மூலையில் அதற்கான குழியைத் தோண்டிவிட்டு, மீதி இடத்தை நீர் புகாமல் அடைத்துவிடுகிறோம்.

கொஞ்சம் கூடுதலாகப் பணம் இருப்பவர்களைப் புல்தரை பிடித்துக்கொள்கிறது. மெக்சிகன் புல், கொரியன் புல் என்று பாய் போலச் சுருட்டிக் கொண்டுவந்து விரிக்கிறார்கள். விரித்த அன்று படம் எடுக்க அழகாக இருக்கும். பங்குனி பிறந்தால் தினமும் தண்ணீர் கேட்கும். வெட்ட மிஷின், களை பறிக்க ஆள் என்று செலவு நிற்பதே இல்லை. குடிக்கவே லாரித் தண்ணீரை எதிர்பார்க்கும் தெருவில் இது எப்படி நியாயம்? புல் வேண்டுமென்றால் அருகம்புல் இருக்கிறது. உலகமெங்கும் விளையாட்டுத் திடல்களில் பெர்முடா புல் என்று வளர்ப்பதும் இந்த இனம்தான். வரப்பிலிருந்து ஒரு கூடை பிடுங்கி வந்து, கணுக்கணுவாக நறுக்கி ஈர மண்ணில் தூவி மிதித்துவிட்டால் ஒரு மழைக்காலத்தில் படர்ந்துவிடும். காய்ந்தாலும் சாகாது. அடுத்த மழைக்குத் துளிர்க்கும்.

வேலிச் செடி என்று கோனோகார்பஸ் நாற்றை வரிசையாக வாங்கி நடுகிறவர்களையும் பார்க்கிறேன். சீக்கிரம் வளரும், பச்சையாக நிற்கும். வேர் குழாய்க்குள் புகும் என்றும் மகரந்தத்தால் தொல்லை என்றும் புகார்கள் எழுந்து, 2023-ல் குஜராத் அரசு அதை நடுவதற்கே தடை போட்டது. நொச்சியும் ஆடாதொடையும் நம் ஊர்க் குளத்தங்கரையில் சும்மா நிற்கின்றன. குச்சி ஒடித்து நட்டால் வேர் பிடிக்கும், ஆடு கடிக்காது, சளி இருமலுக்கு இலை பறிக்கலாம். இதைவிட்டு நாற்றுக்குக் காசு கொடுப்பானேன்?

இனி மண்ணுக்கு வருகிறேன். சிக்கன வீட்டுத் தோட்டத்தில் எல்லோரும் தாண்டிப் போகும் இடம் இதுதான், பணமெல்லாம் வீணாவதும் இங்கேதான்.

புது வீட்டைச் சுற்றியிருப்பது மண்ணே அல்ல. அஸ்திவாரம் தோண்டும்போது ஐந்தடி ஆழத்து உயிரில்லாத மண் மேலே வந்துவிடுகிறது. பல காலம் இலை மட்கி, மண்புழு ஊர்ந்து, கறுத்துக் கிடந்த மேல்மண் அதற்கு அடியில் புதைந்துவிடுகிறது. அதன்மேல் மனையை உயர்த்தக் கிராவல் அடிக்கிறார்கள். கலவை போட்ட இடத்தில் சிமென்ட் பால் இறங்கி மண்ணில் காரத்தன்மை ஏறிவிடுகிறது. இதில் போய் நர்சரியில் 350 ரூபாய் கொடுத்து வாங்கிய ரோஜாவை நட்டால் மூன்றே வாரத்தில் இலை மஞ்சளாகும். “நமக்குக் கைராசி இல்லை” என்று அந்த வீட்டம்மா சொல்லும்போது மனம் சங்கடப்படும். கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

செய்ய வேண்டியது கடினமல்ல. சிமென்ட் கட்டிகளைப் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள். செங்கல் துண்டு கிடந்தால் கிடக்கட்டும், அது ஈரம் பிடிக்கும். செடி வைக்கப் போகும் பட்டையில் மட்டும் ஒன்றரை அடி ஆழம் தோண்டுங்கள். அடியில் தேங்காய் மட்டைகளைக் குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்குங்கள். அதன்மேல் சருகு, சாணம், பிறகு மண். மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகளில் உமி கிடைக்கும். தொட்டியம் பக்கத்து வாழைத் தோப்புகளில் கேட்டால் சருகு கிடைக்கும். உங்கள் ஊரில் கடலைத் தோலோ கரும்புச் சோகையோ இருக்கலாம். உள்ளூரில் எது மலிவாகக் குவிந்து கிடக்கிறதோ அதுவே உங்கள் உரம்.

ஆடியில் மழை ஈரம் கண்டவுடன் அந்தப் பட்டையில் தக்கைப்பூண்டு விதையைத் தூவுங்கள். விவசாயி வயலுக்குச் செய்வதை வீட்டு முற்றத்துக்குச் செய்கிறோம், அவ்வளவுதான். கார மண்ணையும் தாங்கி வளரும் செடி அது. வேரை மெல்லப் பிடுங்கிப் பார்த்தால் கடுகு கடுகாக முடிச்சுகள் தெரியும். காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தரும் நுண்ணுயிர்கள் குடியிருக்கும் இடம் அது. ஒரு முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அப்படியிருந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். சுமார் 45 நாளில் பூ எடுக்கும் சமயம் வெட்டி, அங்கேயே மண்ணில் மடக்கிப் போட்டு மூடிவிடுங்கள். ஐப்பசி மழைக்கு அந்த மண்ணைக் கையில் அள்ளினால் பொலபொலவென்று உதிரும். இத்தனைக்கும் விதைச் செலவு நூறு ரூபாயைத் தாண்டாது.

செடிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பணமே வேண்டாம். செம்பருத்தி, நந்தியாவட்டை, இட்லிப்பூ, மருதாணி, குரோட்டன்ஸ், காகிதப்பூ எல்லாம் குச்சியில் வரும். பென்சில் கனத்தில், பச்சையும் பழுப்பும் கலந்த முதிர்ச்சியில், ஒரு சாண் நீளக் குச்சியை எடுங்கள். கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டுங்கள். இலைகளை உருவிவிட்டு, நுனியில் இரண்டை மட்டும் பாதியாகக் கத்தரித்து விடுங்கள். நிழலில், குழாயடி ஈரத்தில் நட்டுவையுங்கள். துளிர் வந்ததும் பிடுங்கிப் பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும். துளிர் முதலில் வரும், வேர் அதற்குப் பிறகுதான். முருங்கைக்கு ஆள் கை கனத்தில் போத்து வெட்டி, மேல் வெட்டில் சாணம் அப்பி நடுவது ஊரறிந்த வழி. இடம் குறைவு என்றால் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-ல் வெளியிட்ட பி.கே.எம்-1 விதை முருங்கை நல்லது. ஆறு மாதத்தில் காய்க்கும், வெட்டி வெட்டிக் குட்டையாகவே வைத்துக்கொள்ளலாம். வீட்டை ஒட்டி உயர மரம் வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் 2018 நவம்பரில் அடித்த கஜா புயல். புதுக்கோட்டைப் பக்கம் கூரைமேல் சாய்ந்து கிடந்த மரங்களைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பவழமல்லி, அரைநெல்லி, மாதுளை, கறிவேப்பிலை, எலுமிச்சை போதும்.

அழகு பற்றி ஒரு வார்த்தை. பணம் குறைவாக இருக்கும்போது வகைக்கு ஒன்று என்று இருபது வகை வாங்குவதுதான் வழக்கம். அப்படி வைத்த தோட்டம் நர்சரிக் கடைபோல் கலைந்து தெரியும். ஒரே நந்தியாவட்டையிலிருந்து குச்சி எடுத்துச் சுற்றுச்சுவர் நெடுக நடுங்கள். இருட்டில் அந்த வெள்ளைப் பூ வரிசை தெருமுனையிலிருந்தே தெரியும். காலடியில் டேபிள் ரோஸ், இடைவெளியில் நித்தியகல்யாணி. பாத்திக்குக் கரையாக மிச்சச் செங்கல்லைப் பல்வரிசைபோல் சாய்த்துப் புதையுங்கள். நடைபாதைக்குக் கடப்பாக்கல் துண்டுகளை மணல்மேல் இடைவெளி விட்டுப் போட்டால் போதும், சிமென்ட் தேவையில்லை. கார் இருந்தால் சக்கரம் ஓடும் இரண்டு பட்டைக்கு மட்டும் கல்.

கட்டட இடிபாட்டைக் கேவலமாகப் பார்ப்பவர்களிடம் நான் சண்டிகரைச் சொல்வேன். நேக் சந்த் என்ற சாலை ஆய்வாளர் 1950-களின் கடைசியிலிருந்து யாருக்கும் தெரியாமல், உடைந்த பீங்கானையும் வளையல் துண்டுகளையும் இடித்த கட்டடக் கற்களையும் சேர்த்துச் சேர்த்து ஒரு தோட்டம் அமைத்தார். 1976-ல் அது மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. இன்று உலகமெங்கிலுமிருந்து வந்து பார்க்கிறார்கள். கட்டட வேலைக்காரன் எவனுக்கும் அந்தப் பெயரைக் கேட்டால் நெஞ்சு நிமிரும்.

திருவெறும்பூர் பக்கம் தள்ளுவண்டியில் இட்லிக் கடை நடத்தும் ஒரு தம்பதிக்கு வீடு கட்டினோம். பேவர் பிளாக் வேண்டாம் என்று நான் சொன்னதும் அந்த அம்மா கேட்டார்: “கோலம் போட இடம் வேணும்ல சார்? மண்ணுன்னா பாம்பு வருமே?” நியாயமான கேள்விகள். வாசலில் ஆறடிக்கு ஆறடி சிமென்ட் தளம் போட்டுக் கொடுத்தோம், மார்கழிக் கோலத்துக்கு அது தாராளம். பாம்பு மண்ணுக்காக வருவதில்லை, எலிக்காக வரும். எலி, குவித்துப் போட்ட செங்கல்லிலும் பலகையிலும் குடியிருக்கும். அந்தக் குவியலை அகற்றி, வீட்டுச் சுவரை ஒட்டி மூன்றடி அகலத்துக்குத் தரையில் எதுவும் அடர்ந்து வளராமல் பார்த்துக்கொண்டால் பயமில்லை.

அவர்கள் வீட்டில் அரிசி உளுந்து கழுவும் தண்ணீர் மட்டுமே தினம் பல குடம். மாவரைக்கும் திண்ணையிலிருந்து ஒரு வாய்க்கால் வெட்டி, உடைகல் நிரப்பி, அதன் ஓரத்தில் கல்வாழையும் இரண்டு பூவன் கன்றும் வைத்தோம். பாத்திரம் துலக்கும் தண்ணீரும் அங்கேயே போகிறது. பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீரை மட்டும் விடக் கூடாது. ஊற்றிய தண்ணீர் நிற்காமல் உள்ளே இறங்கினால் கொசு வராது. நின்றால் வாய்க்காலை இன்னும் நீளமாக்க வேண்டும். மேற்குச் சுவர்தான் அந்த வீட்டின் பெரிய உபத்திரவம், மாலை வெயில் முழுதும் அதன்மேல். மிச்சக் கம்பியையும் நான்கு சவுக்குக் கழியையும் வைத்துப் பந்தல் கட்டி அவரையும் கோவையும் ஏற்றிவிட்டார்கள். “மத்தியானம் அந்த ரூம்லதான் சார் இப்ப படுக்கிறோம்” என்றார் அந்த அம்மா. அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து வேலை பார்ப்பவர்களுக்கு மத்தியானத் தூக்கம் எவ்வளவு பெரிது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பரிமாற வாழையிலையும் சட்னிக்குக் கறிவேப்பிலையும் அங்கிருந்தே கடைக்குப் போகின்றன.

இதையெல்லாம் தனிமனிதர்களின் ஆர்வத்துக்கு விட்டுவிட முடியாது. 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வீட்டைச் சுற்றிக் காலியிடம் விடச் சொல்கின்றன. அந்தக் காலியிடத்தில் பாதியாவது மண்ணாகவே இருக்க வேண்டும் என்று உள்ளாட்சி அமைப்புகள் வரைபட அனுமதியிலேயே எழுத வேண்டும். அரசு தோட்டக்கலைப் பண்ணைகளில் நல்ல நாற்றுகள் குறைந்த விலையில் கிடைக்கின்றன. ஆனால் பண்ணை ஒரு கோடியில் இருக்கும், வீடு ஒரு கோடியில் இருக்கும். நான்கு நாற்று வாங்க அரை நாள் கூலியை இழந்து யார் போவார்? 1999 முதல் உழவர் சந்தைகள் நடக்கின்றன. ஆடி தொடங்கிக் கார்த்திகை வரை எல்லா உழவர் சந்தைகளிலும் அந்த நாற்றுகளுக்கு ஒரு கடை ஒதுக்கட்டும். காய் வாங்க வருகிறவர் ஒரு கறிவேப்பிலைக் கன்றும் வாங்கிப் போவார்.

என் தொழிலில் இருக்கும் மேஸ்திரிகளிடமும் எஞ்சினியர்களிடமும் ஒன்று கேட்கிறேன். மனையில் முதல் மம்மட்டி போடும் அன்றைக்கே மேலிருந்து அரையடி மண்ணை வழித்தெடுத்து, வேலைக்கு இடைஞ்சலில்லாத ஒரு மூலையில் குவித்து, பழைய ஃபிளெக்ஸால் மூடிவையுங்கள். இதற்கு ஆகும் ஓர் ஆள் கூலியை எஸ்டிமேட்டில் தனி வரியாகவே காட்டுங்கள். எந்த வீட்டுக்காரரும் அதற்கு மறுப்புச் சொல்லி நான் கண்டதில்லை.