பத்து மணிக்கு போன் எங்கே இருக்கும்?

என்ன ஃப்ரெண்ட்ஸ், ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு டாபிக் பிடிச்சாச்சா? 'மாத்திரை சாப்பிட ஞாபகப்படுத்துற ஆப்' பண்றோம்னு ஒவ்வொரு பேட்ச்லயும் ஒரு டீமாவது கிளம்பும். வாழ்த்துகள்! ஆனா, கோடிங்ல உட்கார்றதுக்கு முன்னாடி சிவகாசி பக்கம் ஒரு நடை போய்ட்டு வாங்க.

பட்டாசு ஆலைக்குள்ள செல்போனுக்குத் தடா. ஒரு பொறி போதுமே! காலையில வேன் ஏறிப் போற அக்காவோட போன், வீட்லயோ கேட்லயோதான் கிடக்கும். உங்க ஆப் பத்து மணிக்கு 'டிங்'னு அடிச்சா கேட்கப்போறது யாரு? சுவத்துல இருக்கிற பல்லிதான்!

அதுக்காக மெசேஜ் எல்லாம் வேஸ்ட்னு சொல்ல வரலை. சென்னை டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழு 2009-ல ஆரம்பிச்ச ஆய்வு ஒண்ணு இருக்கு. சர்க்கரை நோயோட வாசல்ல நின்ன 537 ஆண்கள். எல்லாருக்கும் ஆரம்பத்துல உணவு, உடற்பயிற்சி ஆலோசனை உண்டு. பாதிப் பேருக்கு மட்டும் கூடுதலா எஸ்.எம்.எஸ். ரெண்டு வருஷத்துல எஸ்.எம்.எஸ். வந்தவங்கள்ல 18 சதவிகிதம் பேருக்கு சர்க்கரை நோய் வந்தது. வராதவங்கள்ல 27 சதவிகிதம்! எனக்குப் பிடிச்ச விஷயம், எல்லாருக்கும் ஒரே மெசேஜ் போகலை. மாறணும்னே நினைக்காதவருக்கு ஒண்ணு, ஏற்கெனவே நடக்க ஆரம்பிச்சவருக்கு வேற.

சரி, எந்த நேரத்துல அனுப்பினா பலிக்கும்? அமெரிக்காவுல 'ஹார்ட்ஸ்டெப்ஸ்'னு ஒரு ஆப். தினமும் 5 தடவை போனே காசு சுண்டிப் பார்க்கும். பூ விழுந்தா 'கொஞ்சம் நடங்களேன்'னு மெசேஜ். தலை விழுந்தா கம்முனு இருக்கும். அடுத்த அரை மணி நேரத்துல எத்தனை அடி நடந்தாங்கன்னு எண்ணுவாங்க. ஒரே ஆளை, மெசேஜ் வந்தப்பவும் வராதப்பவும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இதுக்குப் பேர் 'மைக்ரோ ராண்டமைஸ்டு ட்ரயல்'. ஆரம்பத்துல ஜோரா நடந்தவங்க, நாளாக ஆக மெசேஜைக் கண்டுக்கவே இல்லை. (நம்ம வீட்டு அலாரம் மாதிரியேதான்!)

இன்னொரு வில்லங்கம், அளவு. காசநோய்க்கு '99டாட்ஸ்'னு ஒரு ஏற்பாடு. மாத்திரையைப் பிரிச்சா உள்ளே ஒளிஞ்சிருக்கிற நம்பர் தெரியும். அதுக்கு ஒரு கால் போட்டா 'சாப்பிட்டாச்சு'ன்னு பதிவாகும். சூப்பர் ஐடியா! ஆனா சென்னை, வேலூர், மும்பையில வீட்டுக்கே போய் சிறுநீரை சோதிச்சப்ப கணக்கு இடிச்சது. சாப்பிட்டும் கால் பண்ணாதவங்க நிறைய. கால் பண்ணியும் சாப்பிடாதவங்களும் உண்டு. ஆக, உங்க ஸ்க்ரீன்ல பச்சை டிக் விழுந்ததும் பார்ட்டி வச்சுடாதீங்க.

திரும்ப சிவகாசிக்கு வருவோம். வேன் ஏறுறதுக்கு முன்னாடியா, வீடு திரும்பின பிறகா? இந்த ரெண்டு நேரத்துக்கு நடுவுல காசு சுண்டுங்க. நெறிமுறைக் குழு அனுமதியும் டாக்டர் துணையும் கட்டாயம். மாறுறது ஞாபகப்படுத்துற நேரம் மட்டும்தான். மருந்துல கை வைக்கக் கூடாது. தீபாவளிக்கு முந்தின பரபரப்புல பலிச்ச நேரம், தீபாவளி முடிஞ்சு ஆலை மூடிக் கிடக்கிறப்ப பலிக்காது. ஆப் அதையும் கத்துக்கணும்.

ஒண்ணு மறந்துட்டேனே... அந்த அக்கா வீடு திரும்புற நேரத்துல போன் அவங்க கையிலதான் இருக்கான்னு முதல்ல கேளுங்க. பையன் கேம் ஆடிக்கிட்டு இருப்பான்!