பிள்ளைகளையும் கேட்டு இடம் பாருங்கள்

லண்டனில் தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் குயின் எலிசபெத் ஹால் என்ற இசை அரங்கம் இருக்கிறது. 1967-ல் திறக்கப்பட்டது. பருத்த கான்கிரீட் தூண்கள் தாங்கும் அந்தக் கட்டடத்தின் அடியில், ஆற்றைப் பார்த்தபடி ஒரு திறந்த தளம். அங்கங்கே சரிவுகள், படிகள், திட்டுகள். தலைக்கு மேலே கூரை. ஸ்கேட்போர்டு ஓட்டுவதற்கென்று அதை யாரும் கட்டவில்லை. 1970-களில் பலகையும் கையுமாக வந்த பையன்கள்தாம் அது தங்களுக்கு ஏற்ற இடம் என்று கண்டுகொண்டார்கள். மழைக்கு ஒதுங்கலாம், கார் குறுக்கே வராது, நகரத்தின் நடுவில் இருக்கிறது. அவர்களுக்குப் பிறகு அவர்களுடைய தம்பிமார், பிறகு அடுத்த தலைமுறை என்று நாற்பது ஆண்டு ஓடியது.

2013-ல் அந்த வளாகத்தை நிர்வகிக்கும் சவுத்பேங்க் சென்டர் சுமார் 12 கோடி பவுண்டு செலவில் ஒரு விரிவாக்கத் திட்டத்தை அறிவித்தது. கீழ்த்தளத்தில் கடைகளும் உணவகங்களும் வரும். அந்த வருமானம் கலைப் பணிகளுக்குப் போகும். ஸ்கேட்போர்டு ஓட்டுபவர்களுக்கு அதே கரையில், ஹங்கர்ஃபோர்டு பாலத்தின் அடியில் புதிய இடம் ஒதுக்கப்படும். கவனியுங்கள், அவர்களை ஒரேயடியாக விரட்டும் திட்டம் அல்ல இது. நடந்தே போகக்கூடிய தூரத்தில் மாற்று இடம். அதை வடிவமைக்கத் தேர்ந்த கட்டடக் கலைஞர்கள். எப்படி அமைய வேண்டும் என்று வந்து சொல்லுங்கள் என்று பிள்ளைகளுக்கே அழைப்பும் வைத்தார்கள்.

அவர்கள் போகவில்லை. அந்த மறுப்பைத்தான் இந்த வாரம் எழுத நினைத்தேன். சரிவு எவ்வளவு இருக்கட்டும், திட்டு எத்தனை அடி உயரம் இருக்கட்டும் என்றெல்லாம் கேட்டார்கள். இடம் மாற வேண்டுமா என்ற கேள்வியை மட்டும் முன்னால் வைக்கவில்லை. அது முடிந்துபோன விஷயம். முடிந்துபோன விஷயத்தைச் சுற்றி உட்கார்ந்து வண்ணம் தேர்ந்தெடுக்க அழைப்பதற்குப் பெயர் பங்கேற்பு அல்ல. அந்தப் பிள்ளைகளுக்கு அது புரிந்திருந்தது. மேசை போட்டு வாசலிலேயே உட்கார்ந்து, போவோர் வருவோரிடம் கையெழுத்து வாங்கினார்கள். ஒன்றரை லட்சத்துக்கும் மேல் கையெழுத்துகள் சேர்ந்தன. லாம்பெத் நகரமன்றத்துக்கு ஆட்சேபக் கடிதங்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. ஊர்க்காரர்கள் இருபது ஆண்டுகளுக்குக் குறையாமல் விளையாடிப் பழகிய நிலத்தைப் பொதுத் திடலாகப் பதிவு செய்யச் சொல்லிக் கேட்கும் உரிமை இங்கிலாந்துச் சட்டத்தில் உண்டு. புல் ஒன்றுகூட முளைக்காத அந்தக் கான்கிரீட் தளத்துக்கு அந்த உரிமையைக் கேட்டும் மனுக் கொடுத்தார்கள். 2014 ஜனவரியில் அன்றைய லண்டன் மேயர் போரிஸ் ஜான்சன் பிள்ளைகள் பக்கம் பேசினார். செப்டம்பரில் உடன்பாடு கையெழுத்தானது: கீழ்த்தளம் அவர்களுக்கே. பிறகு எதிரெதிராக நின்ற இரு தரப்பும் சேர்ந்தே நிதி திரட்டி, முன்பு அடைத்து வைத்திருந்த ஒரு பகுதியைச் சீரமைத்து 2019-ல் திறந்தார்கள். முதலிலேயே சேர்ந்து உட்கார்ந்திருந்தால் ஒன்றரை ஆண்டுச் சண்டை மிச்சமாகியிருக்கும்.

சவுத்பேங்க் சென்டரின் நோக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். கலைக்குப் பணம் தேவை. அது பொய்யான தேவை அல்ல. ஆனால் ஓர் இடத்தில் நாற்பது ஆண்டுகள் விழுந்து எழுந்தவர்களுக்கு அந்த இடத்தைப் பற்றித் தெரிந்தது, வரைபடத்தைப் பார்ப்பவருக்குத் தெரியாது. எந்தத் தூணின் பக்கம் தரை வழுக்கும், எந்த நேரத்தில் கூட்டம் வரும், புதிதாகப் பழகும் சின்னப் பையன் எங்கே பயமில்லாமல் நிற்பான் என்பதையெல்லாம் அவர்களைக் கேட்டுத்தான் அறிய முடியும்.

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் இதே தவறு வேறு விதமாக நடந்தது. நகர மன்றக் கட்டடத்துக்குப் பக்கத்தில் லவ் பார்க் என்ற சதுக்கம். கருங்கல் விளிம்புகளும் அகலப் படிகளுமாக இருந்த அந்த இடத்துக்கு உலகம் முழுவதிலிருந்தும் ஸ்கேட்போர்டு ஓட்டுபவர்கள் வந்தார்கள். நகர நிர்வாகத்துக்கு அது பிடிக்கவில்லை. 1990-களில் நகரத்தின் தெற்குக் கோடியில், நெடுஞ்சாலை மேம்பாலம் ஒன்றின் அடியில் இடம் ஒதுக்கி, ஓட்டுவதற்குச் சில தடுப்புகளையும் வைத்துவிட்டு, அங்கே போங்கள் என்றது. வைத்த தடுப்புகள் எதற்கும் போதவில்லை. பிள்ளைகள் தாங்களே சிமென்ட் குழைத்து அந்த மேம்பாலத்தடியைக் கட்டி எழுப்பினார்கள். அது இன்று புகழ்பெற்ற களம். ஆனாலும் நகர நடுவில் ஓட்டும் ஆசை போகவில்லை. 2002-ல் லவ் பார்க்கில் தடை இறுகியபோது, அந்தச் சதுக்கத்தைக் கற்பனை செய்த நகரத் திட்டமிடுநர் எட்மண்ட் பேகன், 92 வயதில், தலைக்கவசம் அணிந்து, இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க, அங்கே ஸ்கேட்போர்டில் ஏறி நின்று தன் எதிர்ப்பைக் காட்டினார். தான் கற்பனை செய்த இடத்தைத் தான் நினைக்காத விதத்தில் பயன்படுத்தும் இளைஞர்களோடு சேர்ந்து நின்ற அந்த முதியவரை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஸ்கேட்போர்டு ஓட்டுபவர்கள் அமைப்பாகத் திரண்டு, பத்தாண்டுகளுக்கு மேல் நகர நிர்வாகத்தோடு பேசி, கலை அருங்காட்சியகத்துக்கு அருகே ஸ்கூல்கில் ஆற்றங்கரையில் இடம் பெற்றார்கள். பெயின்ஸ் பார்க் என்ற அந்தக் களம் 2013-ல் திறந்தது. லவ் பார்க்கைப் பின்னர் இடித்து மாற்றியபோது, அதன் பழைய கருங்கற்களில் ஒரு பகுதி கடல் கடந்து ஸ்வீடனின் மால்மோ நகரத்துக்குப் போனது. ஸ்கேட்போர்டு ஓட்டுபவர்களைத் தெருத் திட்டமிடலிலேயே சேர்த்துக்கொள்ளும் நகரம் அது. அதற்கென்றே நகராட்சியில் ஒரு பொறுப்பாளரையும் வைத்திருந்தார்கள்.

இதுவரை ஓட்டுபவர்கள் பக்கமே பேசிவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரருக்கும் நியாயம் உண்டு. பலகையின் பின்முனை தரையில் அறையும் சத்தம் தொடர்ந்த இரைச்சல் அல்ல. விட்டு விட்டு வருவது. அதனாலேயே காது அதற்குப் பழகாது. இரவுப் பணி முடித்துப் பகலில் உறங்கும் நர்ஸுக்கும், படுக்கையில் கிடக்கும் தாத்தாவுக்கும் அது தொல்லைதான். இதை மறைத்து இடம் பிடிப்பவர்கள் பிற்பாடு அந்தக் களத்தையே இழப்பார்கள். திண்ணென்ற கான்கிரீட்டில் சத்தம் குறைவு. உள்ளே கூடாக இருக்கும் மரச் சரிவும் தகரச் சரிவும்தான் மத்தளம்போல அதிரும். வீடுகளிலிருந்து எத்தனை அடி தள்ளி, எத்தனை மணியோடு விளக்கை அணைப்பது என்பதையெல்லாம் பேசித் தீர்க்கலாம். ஆனால் பேச வேண்டும். காகிதத்தில் பேசினால் போதாது. உத்தேசித்த இடங்கள் மூன்று நான்கையும் மாலை ஏழு மணிக்கு எல்லோரும் நடந்து போய்ப் பார்க்க வேண்டும். தற்காலிகமாக இரண்டு சரிவுகளைப் போட்டுச் சில வாரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். தங்கள் வீட்டுப் பால்கனியில் நின்று கேட்டவர்களின் ஆட்சேபத்துக்கும் ஒப்புதலுக்கும் அப்போதுதான் எடை இருக்கும்.

ஆட்சேபம் வராத இடத்தைத் தேடிப் போவது நிர்வாகங்களின் வழக்கம். குப்பைக் கிடங்கு ஓரம், சாக்கடைப் பாலத்தடி, ஊருக்கு வெளியே உள்ள புறம்போக்கு. யாரும் எதிர்க்காத இடம் என்பது யாரும் பார்க்காத இடமும்கூட. விழுந்து கை முறிந்தால் ஓடிவர ஆள் இருக்காது, பஸ் இருக்காது, தண்ணீர் இருக்காது, இருட்டியதும் வேறு கும்பல் வரும். ஸ்கேட்போர்டு வீரர் டோனி ஹாக் 2002-ல் தொடங்கிய அறக்கட்டளை, ஏழை எளியவர்கள் வாழும் பகுதிகளில் பொது ஸ்கேட்பார்க்குகள் அமைய உதவுகிறது. தெருவிலிருந்து கண்ணுக்குப் படும்படி, மக்கள் புழங்கும் இடத்தில் அமையுங்கள் என்பது அது தரும் முக்கியமான அறிவுரைகளில் ஒன்று. அமெரிக்காவின் போர்ட்லண்டில் 1990-ல் பர்ன்சைடு பாலத்தின் கீழே இளைஞர்கள் அனுமதியே இல்லாமல் சிமென்ட் கொட்டிக் கட்டத் தொடங்கியபோது, அவர்களுக்கு முதலில் துணை நின்றவர்களில் அந்தச் சுற்றுவட்டாரக் கடைக்காரர்களும் உண்டு. போதைப்பொருளும் திருட்டும் மலிந்த மூலையில் பிள்ளைகள் நடமாடத் தொடங்கியதும் நிலைமை மாறியதை அவர்கள் கண்ணால் பார்த்தார்கள். நகர நிர்வாகம் பிறகுதான் இசைந்தது.

இன்னொரு கூட்டம் இருக்கிறது; கருத்துக்கேட்பு எதற்கும் வராத கூட்டம். பெண்பிள்ளைகள். 1990-களில் வியன்னா நகரத்தில் பூங்காக்களைக் கவனித்தபோது, பத்து வயதை ஒட்டிப் பெண்பிள்ளைகள் வருவது சட்டென்று குறைவது தெரிந்தது. வலுத்த பையன்கள் திடலைப் பிடித்துக்கொள்வார்கள், இவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். பூங்காவைப் பல சிறு பகுதிகளாகப் பிரித்து மாற்றியமைத்ததும் திரும்பி வந்தார்கள். எனவே களத்துக்கு வருகிற பையன்களை மட்டும் கேட்டுவிட்டு, பயனாளிகளைக் கேட்டாயிற்று என்று சொல்ல முடியாது. இருட்டில் வீடு திரும்பும் வழி எது, அம்மா தங்கையோடு உட்கார்ந்து பார்க்கத் திண்ணை உண்டா, கழிப்பறை எங்கே என்று கேட்கும் பெண் அந்தப் பேச்சில் இருக்க வேண்டும்.

ஸ்கேட்போர்டு நமக்கு எட்டாத விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். 2020-ல் பிரிட்டனின் பாஃப்டா விருதில் சிறந்த குறும்படத்துக்கான பரிந்துரையில் இருந்த ஐந்து படங்களில் இரண்டு, ஸ்கேட்போர்டு ஓட்டும் சிறுமிகளைப் பற்றியவை. ஒன்று காபூலில் எடுத்தது, அதுவே வென்றது. மற்றொன்று நம் மாமல்லபுரத்துச் சிறுமியின் கதை. மத்தியப் பிரதேசத்தின் ஜன்வார் கிராமத்தில், ஜெர்மானியரான உல்ரிகே ரைன்ஹார்ட்டின் முயற்சியில் 2015-ல் ஒரு ஸ்கேட்பார்க் எழுந்தது. பள்ளிக்குப் போகாதவருக்குப் பலகை இல்லை, பெண்பிள்ளைகளுக்கே முதல் வாய்ப்பு என்பவை அங்கே விதிகள். ஆதிவாசிப் பிள்ளைகளும் யாதவப் பிள்ளைகளும் ஒரே தரையில் ஓட்டினார்கள்.

தமிழ்நாட்டில் 2022 முதல் நகர்ப்புற வார்டுகளிலும் பகுதி சபைகள் கூடுகின்றன. கிராம சபைகள் முன்பே உண்டு. இரண்டுக்கும் உறுப்பினர் என்றால் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைக்கு அங்கே கை தூக்க உரிமை இல்லை. விளையாட்டுத் திடல் யாருக்காகவோ அவர்களே இல்லாத சபையில்தான் அதன் இடம் பேசப்படுகிறது. பூங்கா பற்றிய கூட்டங்களுக்கு நானும் போயிருக்கிறேன். வேலை நாள் காலையில், பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரத்தில், ஏற்கெனவே வரைந்து முடித்த படத்தைச் சுவரில் மாட்டிவிட்டுத்தான் கருத்துக் கேட்டார்கள். சட்டம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பேச விடுவதற்கு எந்த விதியும் தடையாக இல்லை.

உங்கள் வார்டில் ஸ்கேட்பார்க்கோ கால்பந்துத் திடலோ வேறு எந்தத் திடலோ வருகிறது என்று தெரிந்தால், கவுன்சிலரிடம் முதலில் இதைக் கேளுங்கள்: இடம் முடிவாகிவிட்டதா, இன்னும் பேசலாமா? பேசலாம் என்றால், கூட்டத்தை ஞாயிறு மாலைக்கு வைக்கச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுப் பெண்ணையும் பையனையும் கையோடு கூட்டிப் போய், அவர்கள் பேசி முடிக்கும்வரை பக்கத்தில் இருங்கள்.