கிராண்ட் கேன்யன்: பெயரை மாற்றினால் போதுமா?

அரிசோனாவுக்குப் போய் 446 கி.மீ. நீளப் பள்ளத்தாக்கைப் பார்த்து வாய்பிளக்கிறார்கள். கோவேறு கழுதைச் சவாரி, கொலராடோ ஆற்றில் படகு, நூறு போட்டோ... "மனுஷ வாடையே இல்லாத இடம்"னு பெருமை வேறு!

வாடை இல்லையா, துரத்திவிட்டார்களா? பிரைட் ஏஞ்சல் பாதை நடுவே ஹவசுபாய் பழங்குடிகள் பயிர் செய்த பசுமையான இடம் ஒன்று உண்டு. 1919-ல் தேசியப் பூங்கா வந்தது. 1928-ல் அங்கே மிச்சமிருந்த கடைசி ஆளையும் கிளப்பிவிட்டார்கள்.

'இந்தியன் கார்டன்' என்றிருந்த பெயரை 2022-ல் 'ஹவசுபாய் கார்டன்ஸ்' ஆக்கினார்கள். நல்லதுதான். 1975-ல் சுமார் 1,85,000 ஏக்கரைத் திருப்பித் தந்ததும் உண்மைதான். ஆனால் இந்தத் தோட்டம் அதில் இல்லையே!

வீட்டைப் பிடுங்கிக்கொண்டு பெயர்ப்பலகை மாட்டினால் பேலன்ஸ் ஷீட் டேலி ஆகாது சாமி. வாசல் வசூலில் அவர்களுக்கும் பங்கு வையுங்கள். அப்புறம் ரசிக்கலாம்.